கழுத்துக்கு ஏறிய முடக்குவாதம்: மருந்தா, கழுத்துப் பட்டையா, அறுவைச் சிகிச்சையா?

அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று. நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய் அட்மிஷன் போட்டோம். மறுநாள் காலை ஆபரேஷன். முதல் நாள் மாலை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வந்து பார்த்தார். அக்காவின் கோணிய விரல்களைக் கையில் எடுத்துக்கொண்டு, “எத்தனை வருடமாக முடக்குவாதம்?” என்று கேட்டார். பதினேழு வருடம் என்றோம். (முடக்குவாதம் என்று நான் சொல்வது மூட்டுகளை வீங்கவைத்து அரிக்கும் ருமடாய்டு ஆர்த்ரைடிஸ்; பக்கவாதம் இல்லை.) “கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்-ரே எங்கே?” என்றார். அப்படி ஒன்று எடுத்ததே இல்லை. அன்றிரவே எடுத்தார்கள். காலையில் முழங்கால் ஆபரேஷன் நிறுத்தப்பட்டது.

அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால், மயக்கத்தில் மூச்சுக்கான குழாய் பொருத்தத் தலையை அசைத்தபோதே அக்காவின் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். அதன்பின் ஒன்றரை வருடம் எது செய்வது, எங்கே செய்வது என்று அலைந்தோம். திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இதே நிலையில் நிற்கும் குடும்பங்களுக்கு, நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

கழுத்தில் நடப்பது என்ன என்பது புரிந்தால்தான் எதையும் ஒப்பிட முடியும். வீட்டில் திரிகை பார்த்தவர்களுக்கு இது எளிது. கீழ்க்கல்லின் நடுவில் முளை நிற்கும். மேல்கல் அதைச் சுற்றிச் சுழலும். கழுத்தின் இரண்டாவது எலும்பிலிருந்து அப்படி ஒரு முளை மேலே நீண்டு, வளையம் போன்ற முதல் எலும்புக்குள் நிற்கிறது. தலை இடமும் வலமும் திரும்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. முளை பின்னால் சரியாதபடி ஒரு குறுக்கு நார் அதை வளையத்தின் முன்பக்கத்தோடு கட்டிவைத்திருக்கிறது. நாருக்குப் பின்னால் தண்டுவடம். விரல் மூட்டில் வீங்குகிற அதே சவ்வு இங்கேயும் உண்டு. முடக்குவாதத்தில் அது வீங்கித் தடித்து, நாரையும் எலும்பையும் அரிக்கிறது. நார் தளர்ந்தபின் குனியும்போதெல்லாம் வளையம் முன்னே நழுவுகிறது. முளைக்கும் வளையத்தின் பின்பக்கத்துக்கும் நடுவே தண்டுவடம் அகப்பட்டுக்கொள்கிறது. சிலருக்கு அரிப்பு முற்றி, முளை மண்டையோட்டின் அடித்துவாரத்துக்குள்ளேயே ஏறிவிடும். அது இன்னும் ஆபத்து. கழுத்தின் கீழ் எலும்புகள் படிப்படியாக நழுவுவதும் உண்டு.

இதைத் தேய்மானம் என்று எண்ணிவிடுவதுதான் எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கிறது. எங்களுக்கும் நடந்தது. இரண்டு வருடம் முன்பே அக்காவுக்குப் பிடரியில் வலி தொடங்கிக் காதின் பின்புறம் வரை ஏறியது. ஒரு சிறிய மருத்துவமனையில் நேராக நிற்கவைத்து ஒரே ஓர் எக்ஸ்-ரே எடுத்து, “கழுத்து எலும்பு தேய்மானம்” என்று சொல்லி, பத்து நாள் எடை கட்டிக் கழுத்தை இழுத்தார்கள். நேராக இருக்கும்போது நழுவல் தெரியாமலே போகலாம். குனிந்த நிலையில்தான் வெளிப்படும். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. முடக்குவாதம் உள்ளவருக்குப் பிடரி வலி என்றால், பக்கவாட்டில், குனிந்தும் நிமிர்ந்தும் படம் கேளுங்கள். நோயாளி தானாக, மெதுவாக, வலிக்காத அளவுக்கு மட்டுமே குனிய வேண்டும். வேறு யாரும் தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது.

படத்தில் இரண்டு அளவுகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முளைக்கும் வளையத்தின் முன்பக்கத்துக்கும் இடையிலான இடைவெளி வளர்ந்தவர்களுக்கு 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முளைக்குப் பின்னால் தண்டுவடத்துக்கு மிஞ்சியிருக்கும் இடம் 14 மி.மீ.க்குக் கீழே போனால் நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டில் பின்னால் இருக்கும் இடமே முக்கியம். அக்காவுக்குக் குனிந்த நிலையில் முன் இடைவெளி 8, பின்னால் 16. எம்.ஆர்.ஐ.யில் முளையைச் சுற்றிச் சவ்வு தடித்திருந்தது, தண்டுவடம் அழுந்தவில்லை. இந்த நிலையில்தான் முதல் முடிவை எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. அடுத்த படத்தில் முன் இடைவெளி குறைந்திருந்தால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. முளை மேலே ஏறிவிட்டால், அதன் அகன்ற அடிப்பகுதி வளையத்துக்கு எதிரே வந்து நிற்கும். இடைவெளி குறைந்தது போலத் தெரியும். நோய் முற்றியிருக்கும், கணக்கு மட்டும் நன்றாக இருக்கும். அதனால் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “முளை மேலே ஏறியிருக்கிறதா?” என்று கேட்டே ஆக வேண்டும்.

முதலில் ஊர் சொன்ன வழி. சுளுக்கு எடுப்பவரிடம் போகலாம், வர்மம் தெரிந்தவர் இருக்கிறார், தைலம் போட்டு நீவினால் சரியாகும் என்று நாலு பேர் சொன்னார்கள். சொன்ன எல்லோரும் அக்கா மேல் பாசம் உள்ளவர்கள். முழங்காலுக்கும் தோளுக்கும் தைலம் தடவி வெந்நீர் ஒற்றடம் கொடுப்பதில் இதமுண்டு. அதை நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் நார் அரிக்கப்பட்ட கழுத்தைத் திருகுவதும், சொடக்கு எடுப்பதும், இழுப்பதும் தேர்வுப் பட்டியலிலேயே வரக் கூடாது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இருபுறமும் வெடுக்கென்று திருப்பும் வழக்கமும் இதில் அடங்கும். முடக்குவாதம் உள்ள ஆண்கள் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். சித்த மருந்து உள்ளுக்குச் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கல்லீரல் பரிசோதனை அளவு ஏறினால் எது காரணம் என்று கண்டுபிடிக்க அவருக்கு அது தேவை.

கழுத்துப் பட்டை எனப்படும் காலரின் மேல் நாங்கள் நிறைய நம்பிக்கை வைத்திருந்தோம். கழுத்தைச் சுற்றி ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது என்றாலே மனதுக்குத் தைரியம். மென்மையான பஞ்சுக் காலர் வலியைக் கொஞ்சம் தணிக்கும்; பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கையாகவும் இருக்கும். நழுவலை அது தடுப்பதில்லை. கெட்டியான காலர் அசைவைக் குறைக்கும், ஆனால் கோணிய விரல்களால் அதைக் கழற்றி மாட்ட முடியாது. சித்திரை வெயிலில் தோல் வெந்து புண்ணாகும். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் கழுத்துத் தசை வலுவிழக்கும். பயணத்துக்கும் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நாட்களுக்கும் மட்டும் காலர் என்று முடிவு செய்தோம். காலரையே சிகிச்சை என்று நினைத்து வருடத்தைக் கடத்துவது தவறு.

உண்மையான ஒப்பீடு மருந்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் இடையில்தான்.

மருந்தின் பக்கம் பேச நிறைய இருக்கிறது. முடக்குவாதத்துக்கு முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் பரவலாகக் கொடுக்கப்பட்ட பிறகு, முடக்குவாதம் கழுத்தை இந்த அளவுக்கு அழிப்பது உலகெங்கும் குறைந்திருக்கிறது. அக்காவுக்கு அது ஏன் உதவவில்லை என்றால், அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குறுவை நடவு வந்தால் மருந்து நிற்கும். வலி தாங்காவிட்டால் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். ஸ்டீராய்டு இரண்டு நாளில் ஆளை எழுப்பி நடக்கவைத்துவிடும். வருடக்கணக்கில் அதையே நம்பினால் எலும்பு பஞ்சாகிவிடும். பின்னால் திருகு பொருத்த வேண்டி வரும்போது பிடிமானம் கிடைக்காது. இதை முன்பே யாராவது அவளுக்குப் புரியும்படி சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு முறை மருந்துக் கடையில் உறையின் மேல் தினசரி என்று குறித்துக் கொடுத்துவிட்டார்கள். மருமகன் மருந்துச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பித்தோம். அதிலிருந்து தினசரி காலண்டரில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பேனாவால் வட்டம் போட்டுவைக்கிறோம். ஃபோலிக் அமிலம் வேறு நாளில். இரத்த அணுக்களுக்கும் கல்லீரலுக்கும் பரிசோதனை தவறக் கூடாது. இது போதாதவர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலஸின், லெஃப்ளூனமைடு சேர்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் உயிரியல் ஊசிகள் (பயாலஜிக்ஸ்), அல்லது டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள். இந்த மாத்திரை இந்தியாவிலேயே பல நிறுவனங்களில் தயாராவதால் விலை பெருமளவு இறங்கியிருக்கிறது. ஊசிக்கும் இதற்கும் முன்னால் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று சோதித்தே தொடங்க வேண்டும். நம் ஊரில் அதைத் தவிர்க்கவே கூடாது.

மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. வீங்கிய சவ்வை அடக்கும். புதிய அரிப்பைத் தடுக்கும் அல்லது தாமதப்படுத்தும். அறுந்த நாரை மீண்டும் முடிச்சுப் போடாது. நோய் அடங்கி இரத்தப் பரிசோதனை அழகாக வந்த பிறகும், ஏற்கெனவே தளர்ந்த மூட்டு தளர்ந்துதான் இருக்கும்.

அறுவைச் சிகிச்சையில் முதல் இரண்டு எலும்புகளையும் பின்பக்கமாகத் திருகு, கம்பி கொண்டு பிணைத்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை வைத்து ஒன்றாக வளரவிடுகிறார்கள். இதில் உலகம் முழுவதும் கையாளும் ஒரு முறை நம் நாட்டில் பிறந்தது என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல் 1994-இல் அதை வெளியிட்டார். ஜெர்மனியின் யூர்கன் ஹார்ம்ஸ் 2001-இல் ஒரு மாற்றத்தோடு எழுதினார். இன்று கோயல்–ஹார்ம்ஸ் முறை என்றே சொல்கிறார்கள். அசைவு நின்றுவிட்டால் முளையைச் சுற்றித் தடித்த சவ்வும் பெரும்பாலும் தானாகவே சுருங்குகிறது. தளர்ந்த மூட்டை அசையாமல் நிறுத்துவது மருந்தால் முடியாதது.

விலையும் இருக்கிறது. கழுத்தைத் திருப்பும் ஆற்றலில் பாதி போய்விடும். முளை மேலே ஏறியவர்களுக்கு மண்டையோட்டையும் சேர்த்துப் பிணைக்க நேரும். அப்போது தலையாட்டுவதும் பெருமளவு நின்றுவிடும். திருகு போகும் பாதைக்குப் பக்கத்திலேயே மூளைக்குப் போகும் தமனி ஓடுகிறது. அதற்காகத்தான் முன்கூட்டியே சி.டி. எடுக்கிறார்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், கிருமி தொற்றும், எலும்பு கூடாமலும் போகலாம். உயிரியல் ஊசியை முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. இதையெல்லாம் மருத்துவரே உட்கார்ந்து விளக்க வேண்டும். விளக்க நேரமில்லை என்பவரிடம் நான் கழுத்தை ஒப்படைக்க மாட்டேன்.

பின்னால் 16 மி.மீ. இடம், நரம்பில் குறை இல்லை, வலி தாங்கும் அளவு. அந்த நிலையில் மருந்தை ஒழுங்காக்கி, ஆறு மாதத்துக்கு ஒரு படம் எடுத்துக் கவனிப்பது என்று தேர்ந்தோம். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வலி நன்றாகக் குறைந்தது. அடுத்த பொங்கலுக்குப் போனபோது அக்கா, “கழுத்து வலியே போய்விட்டது, தம்பி. இனி எதற்குப் படம்?” என்றாள்.

அன்று அவள் ரவிக்கைக் கொக்கியைப் போட்டுவிடச் சொல்லி மருமகளைக் கூப்பிடுவதைக் கவனித்தேன். விரல் கோணலாயிற்றே, அதனால்தான் என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். விரல் பல வருடமாகக் கோணல்தான். கொக்கி போட முடியாமல் போனது இரண்டு மாதமாக. கோலம் போடக் குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்வது போல் இருக்கிறது என்று, கேட்ட பிறகுதான் சொன்னாள். வரப்பில் நடக்கத் தடுமாறுகிறாள். முடக்குவாதக்காரர்களுக்குத் தண்டுவடம் நசுங்குவது தாமதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்: கை வலுவிழந்தால் கைமூட்டின் மேல் பழி, நடை தள்ளாடினால் முழங்காலின் மேல் பழி. சுத்தியலால் தட்டி அனிச்சைச் செயலைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பார்த்தார்கள், கால்கள் அளவுக்கு மீறித் துள்ளின; தண்டுவடம் அழுந்துவதன் அடையாளம் அது. பின்னால் இருந்த இடம் 13 மி.மீ. ஆகியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் அழுந்தியிருந்தது.

வலி குறைந்த மாதங்களில்தான் நரம்பு கெட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் யார் கேட்டாலும் இதை முதலில் சொல்கிறேன்: வலியை வைத்து மருந்தா ஆபரேஷனா என்று முடிவு செய்யாதீர்கள். கையின் நுண்வேலை, நடை, சிறுநீர் அடக்கம், பின்னால் மிஞ்சியிருக்கும் இடம், இந்த நான்கையும் வைத்து முடிவு செய்யுங்கள். இவற்றில் குறை தொடங்கிவிட்டால் காத்திருப்பதற்கு ஆதரவாகச் சொல்ல ஏதுமில்லை. நடந்து போய் ஆபரேஷன் மேசையில் படுத்தவர்கள் தேறும் அளவுக்கு, நடையை இழந்தபின் போனவர்கள் தேறுவதில்லை. போன வலு முழுதாகத் திரும்பும் என்று எந்த நல்ல மருத்துவரும் வாக்குக் கொடுக்க மாட்டார்; மேலும் போகாமல் நிறுத்துவதே முதல் நோக்கம். எண்பதை நெருங்கி, நுரையீரலும் பலவீனமாகிப் படுக்கையில் விழுந்துவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதைக் கைவிட்டதாக நான் எண்ண மாட்டேன்.

எங்கே செய்வது என்பதில் அத்தானுக்கும் எனக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். அவருக்குத் தஞ்சாவூர் போதும். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம், ஆள் மாற்றிக்கொள்ளலாம். அது சிறிய விஷயமில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் திருச்சியும் நமக்குப் பக்கம். காரைக்காலைச் சுற்றியிருப்பவர்கள் புதுச்சேரி ஜிப்மரையும் எண்ணிப் பார்க்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் மூட்டுவாத மருத்துவரும் முதுகெலும்பு அறுவை மருத்துவரும் ஒரே வளாகத்தில் கிடைக்கிறார்கள். நான் ஊரின் பெயரைவிட ஒரு கேள்வியைத்தான் பெரிதாக நினைத்தேன்: “முடக்குவாதக்காரர்களுக்கு இந்த முதல் இரண்டு எலும்பைப் பிணைக்கும் ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?” இடுப்புப் பகுதி முதுகெலும்பின் தட்டு (டிஸ்க்) ஆபரேஷன் நிறையச் செய்பவர் இதையும் நிறையச் செய்பவர் என்று சொல்ல முடியாது. கடைசியில் ஆபரேஷனுக்குச் சென்னை, மாதாந்தரப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் தஞ்சாவூர் என்று பிரித்துக்கொண்டோம். மெத்தோட்ரெக்ஸேட்டை மாதாமாதம் கண்காணிக்கச் சென்னைக்கு ஓடினால் எந்தக் குடும்பமும் ஆறு மாதத்தில் சோர்ந்து நிறுத்திவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அட்டை இருக்கிறது என்று கிளம்பிவிடாமல், இந்த ஆபரேஷன் அந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வருகிறதா, திருகுகளின் விலையும் அதில் அடங்குமா என்று உதவி மேசையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்துக்குக் காரைவிட ரயிலே மேல் என்பது என் அனுபவம். உழவன் எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை எடுத்து, காலர் போட்டு, மெல்லிய தலையணையோடு அக்காவைப் படுக்கவைத்தே கூட்டிப்போனோம். சாலையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தலை துள்ளும். டவுன் பஸ்ஸின் கடைசி இருக்கை ஆகவே ஆகாது.

ஆபரேஷன் முடிந்து பதினோரு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது. கொக்கியை இன்னும் மருமகள்தான் போட்டுவிடுகிறாள். நடை நன்றாகத் தேறியிருக்கிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறாள். அரிவாள்மணையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, மேசைமேல் பலகை வைத்துக் காய் நறுக்குகிறாள். சும்மாடு கட்டித் தலையில் வைக்கோல் கட்டோ தண்ணீர்க் குடமோ எடுப்பது என்றைக்குமே கூடாது. நழுவல் இருப்பது தெரிந்த அன்றே, ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், தலைச்சுமையை நிறுத்த வேண்டும். கோயிலில் தரையில் விழுந்து கும்பிடுவதை விட்டு நின்றபடியே கும்பிடுகிறாள். வைத்தீஸ்வரன் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்வதாக அத்தையின் வேண்டுதல் ஒன்று இருந்தது. அதை அக்காவுக்குப் பதில் மருமகன் நிறைவேற்றினான்.

முழங்கால் ஆபரேஷன் தை மாதம் தஞ்சாவூரில் நடக்கிறது. கழுத்து உறுதியான பிறகே முழங்கால் என்ற வரிசையை மருத்துவர்கள் எல்லோருமே ஒத்துக்கொண்டார்கள். பல் பிடுங்கப் போனாலும், 108 ஆம்புலன்ஸில் ஏற்றினாலும் எடுத்துக்காட்ட, அக்காவின் சுருக்குப்பையில் காப்பீட்டு அட்டையின் நகலோடு ஒரு சீட்டு மடித்து வைத்திருக்கிறோம். தமிழில், பெரிய எழுத்தில்: “எனக்கு முடக்குவாதம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் திருகால் பிணைக்கப்பட்டுள்ளன. தலையை வளைக்காதீர்கள், இழுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் என் கழுத்துப் படத்தைப் பாருங்கள். மருமகன் எண் கீழே.”